கழிவுநீர் வழக்கில் சமரசம் பேச வருகிறார்கள் என்றால்

மாநகராட்சியின் மேல் கழிவுநீர் வழக்கு போடுவது எப்படி என்று சொல்லித்தர எங்கள் ஊரில் நாலு பேர் இருந்தார்கள். போட்ட வழக்கை “பேசி முடித்துக்கொள்ளலாம், அக்கா” என்று எதிர்த்தரப்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும், எந்த வரிக்குத் தலையாட்டக் கூடாது என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்தக் கட்டத்தைத் தனியாகக் கடந்து வந்தேன் என்பதால் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர மாநகராட்சி எங்களுடையது. விஷயம் இன்னும் முழுதாக முடியாததால் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுவது என் தொழில். வீடு ஏரிக்கரைக்குப் பின்தெரு. மாவுக்கு, குடிக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் கிணற்றுத் தண்ணீர்தான்.

முதலில் சிக்கல் எங்கே என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாதாளச் சாக்கடையில் கழிவுநீர் சரிவில் தானாக ஓடித் தாழ்வான இடத்துக்கு வரும். அங்கே ஒரு பெரிய கிணறு போன்ற தொட்டி, அதன் மேல் மோட்டார்கள். இதுதான் பம்பிங் ஸ்டேஷன். இங்கிருந்து கழிவுநீரை ஏற்றிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும், வரத்து நிற்காது. தொட்டி நிரம்பி வீடுகளுக்குள் கழிவுநீர் எதிர்த்து ஏறாமல் இருக்க ஒரு பைபாஸ் குழாய் வைத்திருப்பார்கள். எங்கள் பகுதிக் குழாய் ஓடையில் திறக்கிறது, ஓடை ஏரியில் சேர்கிறது. எப்போதாவது அவசரத்துக்கு என்று வைத்த குழாய், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாத ஊரில் அன்றாட வழியாகிவிடுகிறது. மழைக்காலத்தில் இன்னும் மோசம். மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடை இணைப்பில் விட்டிருக்கும் வீடுகள் ஒரு பக்கம், தெருவில் தேங்கிய நீர் வடிய மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுகிறவர்கள் மறுபக்கம். வரத்து பெருகினால் எந்த மோட்டாரும் தாங்காது.

எனக்கு இது தெரிந்தது உளுந்தில்தான். ஊறவைத்த தண்ணீரில் வழக்கமாக மெல்லிய வெள்ளை நுரை நிற்கும். அன்று சாம்பல் நிறத்தில் ஒரு படலம் கட்டியிருந்தது, அழுகிய முட்டை வாடை. பருப்பு பழையதோ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டுத் திரும்பி, கிணற்றில் வாளியை இறக்கி முகர்ந்தேன். பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையில் மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி இருந்தது, நைட்ரேட்டும் வரம்பைத் தாண்டியிருந்தது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. “காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும்” என்று எல்லோரும் சொன்னார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். அந்தத் தண்ணீரில் மாவு அரைத்து விற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. லாரித் தண்ணீர் வாங்க ஆரம்பித்தேன். லாபம் முழுக்க அந்த லாரிக்கே போனது.

மனு கொடுக்கும் படலத்தை நீட்ட விரும்பவில்லை. திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டம், மண்டல அலுவலகம், வார்டு உறுப்பினர் வீடு என்று எங்கே போனாலும் “நடவடிக்கை எடுக்கப்படும்” என்ற ஒரே பதில். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கொடுத்த ஒவ்வொரு மனுவுக்கும் முத்திரையுடன் ஒப்புதல் வாங்குங்கள். சொன்னோம், கேட்கவில்லை என்பதற்குப் பின்னால் அது ஒன்றே சாட்சி.

உண்மையில் எனக்குக் கைகொடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. ஆனால் “ஏன் கழிவுநீரை ஏரியில் விடுகிறீர்கள்?” என்று கேட்டால் “அவ்வாறு விடப்படுவதில்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கேள்வி கேட்காதீர்கள், காகிதம் கேளுங்கள். பம்பிங் ஸ்டேஷனின் மின்கட்டண ரசீது, டீசல் வாங்கிய பதிவேடு, மோட்டார் ஓடிய நேரத்தைக் குறிக்கும் லாக் புத்தகம், சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வந்த நீரின் அன்றாட அளவு. இந்த யோசனையைக் கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஒரு மின்வாரிய லைன்மேன். மோட்டார் ஓடியதாக லாக் புத்தகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், மீட்டர் யூனிட் பொய் சொல்லாது என்றார். அவர் சொன்னபடியே புத்தகத்தில் இரவு பகலாக ஓடிய மோட்டாருக்கு ரசீதில் மின்சாரமே இல்லை. இன்னொரு கணக்கும் எளிது. நகரத் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்று கணக்கிட்டு, அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று வைத்துக்கொள்வார்கள். ஒரு லட்சம் பேர் இருக்கும் பகுதி என்றால் நாளுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல். சுத்திகரிப்பு நிலையத்துக்கு அதில் பாதி வந்ததாக அவர்களே எழுதிக் கொடுத்தால், மீதி எங்கே போனது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வழக்கு, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில். சென்னை சேப்பாக்கத்தில், ஆற்காடு நவாப் அரண்மனையின் பகுதியான கலஸ் மகாலில் அது நடக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம். கட்டணத்தைவிடக் கவனிக்க வேண்டியது காலக்கெடு. தீர்ப்பாயத்துக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் வந்தால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். இழப்பீடும் சீரமைப்பும் கேட்டு 15ஆம் பிரிவில் வந்தால் ஐந்து வருடம். இரண்டிலும் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். “ஏரி எத்தனையோ வருடமாகக் கெட்டுக் கிடக்கிறது” என்று மனுவின் முதல் பத்தியில் ஆத்திரத்தோடு எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியையே எடுத்துக் காலம் கடந்த மனு என்று வாதிடுவார். என் வக்கீல் மனுவை இரண்டு பிரிவுகளிலும் எழுதி, கிணறு கெட்டதைக் காட்டும் அறிக்கையின் தேதியை முன்னால் வைத்தார். ‘நிதி இல்லை’ என்று பதில் வரும் என்பதையும் முன்பே சொல்லி, 1980இல் ரத்லாம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவிலேயே சேர்த்துவிட்டார். பணமில்லை என்று சொல்லி ஒரு நகராட்சி சாக்கடைக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்பது நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு.

தீர்ப்பாயம் அதிகாரிகள், பொறியாளர்கள் கொண்ட கூட்டுக்குழு அமைத்து ஆய்வு செய்யச் சொன்னது. ஆய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் பைபாஸ் குழாயின் வாயை மணல் மூட்டை வைத்து அடைத்திருந்தார்கள். ஓடைக்கரை முழுக்க வெள்ளை வெளேரென்று பிளீச்சிங் பவுடர். கண் எரிந்தது. நான் அதைத் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மேஸ்திரி வந்து, “எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள், அம்மா” என்றார். அவரைப் பார்த்துக் கோபப்படக்கூட முடியவில்லை. மருந்து தூவச் சொன்னவர் அவரா? உங்களுக்கு இப்படி நேர்ந்தால், மாதிரி எடுக்க வருகிறவரிடம் இரண்டைக் கேளுங்கள். அந்த இடத்திலேயே குளோரின் அளவைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். கிருமிப் பரிசோதனைக்கான பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அது பாட்டிலுக்குள் குளோரினை முறித்துவிடும். இல்லாவிட்டால் ஆய்வுக்கூடம் போகும் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும், அறிக்கை ஏரியைப் பன்னீராகக் காட்டும். குழுவில் வந்திருந்த ஒரு பெண் அதிகாரி நான் கேட்டதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, குளோரின் அளவையும் ஆய்வுக் குறிப்பில் எழுதினார். அந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு உதவியது என்று சொல்லி மாளாது. நாமாக எடுக்கும் மாதிரி வழக்கைத் தொடங்கப் போதும். சட்டப்படி செல்லும் சாட்சியாக வேண்டும் என்றால் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான் எடுக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் எனக்கு அதிகம் வலித்தது தெருவில் நடந்ததுதான். கூட்டுக்குழு அறிக்கையில் ஏரிக்கு வரும் கழிவுநீரில் ஒரு பங்கு பம்பிங் ஸ்டேஷனிலிருந்து அல்ல, மழைநீர் வடிகாலில் நேரடியாக விடும் வீடுகளிலிருந்து என்று வந்தது. வைப்புத்தொகை கட்ட முடியாமல் பாதாளச் சாக்கடை இணைப்பு எடுக்காதவர்கள், எடுத்தும் அடைத்துக்கொண்டதால் வடிகாலில் திருப்பிவிட்டவர்கள். எல்லாம் எங்கள் தெருக்காரர்கள். “உன் மாவுக் கடைக்காக எங்கள் கக்கூஸை மூடச் சொல்கிறாயா?” என்று ஒரு பெரியம்மா வாசலில் நின்று கேட்டார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மாவு கொடுத்தவள் நான். பல வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வழக்கை விட்டுவிடலாம் என்று உண்மையாகவே நினைத்த காலம் அது. எதிர்த்தரப்பு சமரசம் பேச வந்ததும் சரியாக அப்போதுதான். அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

டீ, பிஸ்கட், நல்ல மரியாதை. ஜெனரேட்டர் வாங்கப் போகிறோம், டெண்டர் தயார், உங்கள் வீட்டுக்குக் கட்டணமில்லாமல் குடிநீர் இணைப்பு தருகிறோம், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். குழாய்த் தண்ணீர் வந்தால் லாரிச் செலவு மிச்சம். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை, ஆசை காரணமாகத்தான். மறுநாள் வக்கீலிடம் கேட்டேன். அவர் சொன்னது இது: “அம்மா, இணைப்பு உங்கள் உரிமை, அதற்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது, பணம் கட்டி வாங்குங்கள். அதை இந்த வழக்கோடு முடிச்சுப் போட்டால் நாளை நீங்கள் எதையோ வாங்கிக்கொண்டு விலகினீர்கள் என்று எழுதுவார்கள். மனுவைத் திரும்பப் பெற்றால் கையில் எந்த உத்தரவும் மிஞ்சாது. சமரசம் என்றால் இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவாக எழுதித் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். தீர்ப்பாயம் அதை உத்தரவில் சேர்த்தால் தீர்ப்பாயச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பு போல நிறைவேற்றலாம்.” ஒருவர் பின்வாங்கினாலும் தீர்ப்பாயம் வழக்கைத் தானே தொடர முடியும் என்பதையும் அவர்தான் சொன்னார். தாமாகவே வழக்கை எடுக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது.

அவர்கள் அனுப்பிய முதல் வரைவைப் படித்தபோது பாதி வாக்கியங்கள் ‘நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன்’, ‘நிர்வாக அனுமதிக்கு உட்பட்டு’, ‘இயன்றவரை விரைவாக’ என்று முடிந்தன. கேட்க இதமான சொற்கள். ஆனால் நிதி எப்போது வரும் என்பது அவர்கள் கையில் இருக்கும்வரை கெடு தவறியது என்ற ஒன்றே நடக்காது, காத்திருப்பு மட்டும்தான். ஆண்டு, மாதம், தேதி இல்லாத வாக்கியம் ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன்.

தேதி மட்டும் போதுமா என்ற கேள்விக்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று கிடைத்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தின் பழைய சாக்கடைக் குழாய்கள் வழிந்து ஓடைகளில் கலந்ததற்காக மத்திய சுற்றுச்சூழல் நிறுவனமும் மேரிலாந்து மாநிலமும் நடவடிக்கை எடுத்து, 2002இல் நீதிமன்றம் வழியாகச் சமரசம் செய்தன. அபராதம் 6 லட்சம் டாலர், வேலை முடிக்கக் கெடு 2016 தொடக்கம். கெடு கடந்தும் வழிதல் நிற்கவில்லை, 2017இல் ஒப்பந்தத்தைத் திருத்திக் கடைசிக் கெடுவை 2030 இறுதிக்குத் தள்ளினார்கள். பணமும் சட்டமும் உள்ள நாட்டிலேயே இதுதான் நிலை என்று முதலில் சோர்வாக இருந்தது. ஆனால் அந்த நாட்டு முறையில் இரண்டு நல்ல பழக்கம் உண்டு. கையெழுத்தாவதற்கு முன் வரைவைப் பொதுவில் வைத்து மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் விடுகிறார்கள். கெடு தவறினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள், அதற்காக மறுபடி வாதாட வேண்டியதில்லை.

முதலாவதை எங்கள் தெருவில் சின்ன அளவில் செய்து பார்த்தேன். வரைவை நகலெடுத்து வீடு வீடாகக் கொடுத்தேன். கக்கூஸை மூடச் சொல்கிறாயா என்று கேட்ட பெரியம்மாதான் நல்ல திருத்தம் சொன்னார். வடிகாலில் விடும் இணைப்புகளைத் துண்டிப்பதற்கு முன்னால், அந்த வீடுகளுக்கு வைப்புத்தொகையைத் தவணையில் வாங்கிக்கொண்டு சாக்கடை இணைப்பு கொடுத்து முடித்திருக்க வேண்டும் என்றார். அதை வரிசை மாறாமல் மெமோவில் எழுத வைத்தோம். தெரு என்னோடு பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவதற்கு நிறையச் சண்டை நடந்தது. ‘தவறினால்’ என்று தொடங்கும் எந்த வரியையும் அவர்கள் தரப்பு ஏற்கவில்லை. கெடுவுக்குள் சுத்திகரிப்பு நிலையத்தை முடிக்காத உள்ளாட்சிகள் நிலையம் ஒன்றுக்கு மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2019இலேயே சொல்லியிருப்பதை எடுத்து வைத்த பிறகுதான் இறங்கி வந்தார்கள். இந்தப் பணம் நமக்கு வராது, சீரமைப்புக்குத்தான் போகும் என்பதையும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். என் கிணற்றுக்கு என்று கேட்ட இழப்பீட்டில் கிடைத்தது ஒரு பகுதி. வக்கீல் கட்டணம், பரிசோதனைகள், ரயில், நகல் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கைவிட்டுப் போனது. நின்றுபோன கடை ஆர்டர்களை இதில் சேர்க்கவில்லை. காணொளி வழியாக ஆஜராகலாம் என்பது முதலிலேயே தெரிந்திருந்தால் ரயில் செலவில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். வழக்குப் பட்டியலை முந்தின நாள் இணையத்தில் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே கேட்கலாம்.

அளவுகோல் விஷயத்தில் ஒன்று. ‘ஏரி மாசுபடாமல் பார்த்துக்கொள்ளப்படும்’ என்று எழுதினால் யார், எங்கே, எதை வைத்துப் பார்ப்பது? ஆய்வுக்கூட எண்கள் தேவைதான். ஆனால் ஆய்வுக்கூடமே தேவைப்படாத ஒரு அளவுகோலைக் கூட்டுக்குழுவின் பொறியாளர் ஒருவர் சொன்னார். மழையில்லாத நாளில் மழைநீர் ஓடை வறண்டு கிடக்க வேண்டும். ஓடினால் அது கழிவுநீர். பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடலாம், பிளீச்சிங் பவுடரால் இதை மறைக்க முடியாது. பொறுப்பை ஆளின் பெயரில் எழுதாமல் பதவியின் பெயரில் எழுதுங்கள். எங்கள் வழக்கு முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி மாறிவிட்டார்.

இரண்டாவது மின்பாதையும் ஜெனரேட்டரும் கெடுவுக்கு முன்பே வந்துவிட்டன, பைபாஸ் குழாய்க்கு மூடி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். வீட்டு இணைப்பு வேலை பின்தங்கிக் கெடு தாண்டிவிட்டது. புது வழக்கு இல்லாமல் பழைய எண்ணிலேயே மனு போட்டிருக்கிறேன். அதற்கு இடம் கொடுத்த பத்தியை அப்படியே கீழே தருகிறேன், உங்கள் ஊருக்கு ஏற்ப தேதியையும் இடத்தையும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். வரைவு ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும் இதில் ‘புதிய மனு இன்றி’ என்ற மூன்று சொல்லும் அடிபட்டிருக்கும், ஒவ்வொரு முறையும் நாங்கள் திரும்பச் சேர்த்தோம்.

“மேற்கண்ட பணிகளில் எதுவும் அதற்கு எதிரே குறிக்கப்பட்ட தேதிக்குள் முடியாவிட்டாலும், தொடர்ந்து மூன்று நாள் மழையில்லாத நிலையில் ஓடையின் கல்மதகில் நீரோட்டம் காணப்பட்டாலும், ஆணையர் பதவியில் அப்போது இருப்பவர் பதினைந்து நாளில் எழுத்துமூலம் காரணம் தெரிவிக்க வேண்டும், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் அட்டவணையில் கண்ட தொகையைச் செலுத்த வேண்டும், மனுதாரரோ அப்பகுதியில் குடியிருப்பவர் எவருமோ புதிய மனு இன்றி இதே வழக்கில் தீர்ப்பாயத்தை அணுகலாம்.”